ஹோவாகிம் சோரியா: ஒரு மெக்சிகோ ரிலீவரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 உலக பேஸ்பால் கிளாசிக் அரையிறுதியில் மெக்சிகோ கடைசி இன்னிங்ஸில் (பேஸ்பால் ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒவ்வொன்றும் ஓர் இன்னிங்ஸ்) ஜப்பானிடம் 6-5 என்று தோற்றது. அன்று கடைசியில் பந்து வீசியவர் ஜியோவானி கயேகோஸ் என்ற மெக்சிகோ ரிலீவர். அந்த ஆட்டத்துக்குப் பிறகு மெக்சிகோ பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகமானார்கள். எந்தப் பெயரில் பேச்சு தொடங்கினாலும் கடைசியில் ஹோவாகிம் சோரியாவிடம்தான் வந்து நிற்கும். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பேஸ்பாலே புதிது என்பவர்கள் மேலிருந்து படியுங்கள். தெரிந்தவர்கள் நேராக ரூல் 5 கேள்விக்குத் தாவலாம்.

யார் இந்த சோரியா? சுருக்கமா சொல்லுங்க.

மெக்சிகோவின் கோவாவீலா மாநிலத்தில் மொன்க்லோவா என்ற ஊரில் 1984 மே 18 அன்று பிறந்த வலது கை பிட்சர். 2007 முதல் 2021 வரை அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஆடினார். நடுவில் 2012 முழுவதும் அறுவை சிகிச்சையால் போய்விட்டது. ஆக 14 சீசன்கள், ஒன்பது அணிகள், 773 ஆட்டங்கள், 229 சேவ்கள் (அணியின் முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைத்த கணக்கு, விவரம் கீழே).

மெக்சிகோவில் பிறந்த பிட்சர்களில் சேவ் கணக்கில் முதலிடம் அவருக்குத்தான். ஆட்ட எண்ணிக்கையிலும் அப்படியே. 703 ஆட்டங்கள் ஆடிய ஒலிவர் பெரெஸ்கூட இவருக்குப் பின்னால்தான்.

மெக்சிகோன்னா ஃபுட்பால்தானே? அங்கே பேஸ்பால் யார் ஆடுறாங்க?

நாடு முழுக்கப் பார்த்தால் ஃபுட்பால்தான் பெரியது. ஆனால் வடக்கே போனால் நிலைமை மாறும். சொனோரா, சினலோவா மாநிலங்களில் பேஸ்பால்தான் ஊர்ப் பேச்சு. கோவாவீலாவிலும் அதற்குப் பழைய வேர் உண்டு. சோரியாவின் ஊரான மொன்க்லோவா எஃகு ஆலையை நம்பி வளர்ந்த நகரம். உள்ளூர் அணியின் பெயரே ‘அசெரெரோஸ்’, அதாவது எஃகுக்காரர்கள். அவர்கள் 2019இல் மெக்சிகன் லீக் பட்டத்தை வென்றார்கள்.

அங்கே இரண்டு பெரிய லீக்குகள் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நடப்பது மெக்சிகன் லீக். குளிர்காலத்தில் வடமேற்கு நகரங்களை மையமாக வைத்து நடப்பது மெக்சிகன் பசிபிக் லீக். அமெரிக்காவில் ஆடும் மெக்சிகோ வீரர்கள் பலர் அங்கே சீசன் முடிந்ததும் ஊர் திரும்பி இந்தக் குளிர்கால லீக்கில் ஆடுவார்கள். கீழே இது ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது.

ரிலீவர், குளோசர் ரெண்டும் ஒண்ணா?

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஸ்டார்ட்டர். அவர் களைத்துப்போனாலோ அடி வாங்கினாலோ அவருக்குப் பதிலாக வருபவர்கள் எல்லோரும் ரிலீவர்கள். மைதான ஓரத்தில் அவர்கள் காத்திருந்து கை சூடேற்றும் இடம் புல்பென். ரிலீவர்களில் ஒருவரை, பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே, முன்னிலையைக் காப்பாற்ற ஒதுக்கி வைப்பார்கள். அவர்தான் குளோசர். எல்லாக் குளோசர்களும் ரிலீவர்கள்தான். எல்லா ரிலீவர்களும் குளோசர் ஆவதில்லை.

கிரிக்கெட் பார்ப்பவர்கள் கடைசி ஓவர்களுக்கென்று வைத்திருக்கும் பந்து வீச்சாளரை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம் உண்டு. பேஸ்பாலில் ஒருவரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்பி வர முடியாது. ஆகவே யாரை எப்போது அனுப்புவது என்பதே மேனேஜரின் பெரிய தலைவலி.

சேவ்னு எதை வச்சுக் கணக்குப் போடுறாங்க?

ஜெயித்த அணியின் ஆட்டத்தை முடித்துவைத்த பிட்சராக இருக்க வேண்டும். வெற்றி பெற்ற பிட்சர் என்று அவர் பெயரே பதிவாகியிருக்கக் கூடாது. அதோடு மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசலாம். அல்லது ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய ரன் பேஸிலோ (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்), மட்டையோடோ, அடுத்து ஆடக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது வரலாம். அல்லது மூன்று இன்னிங்ஸ் உருப்படியாக வீசலாம்.

ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் பிரபலப்படுத்திய கணக்கு இது. 1969இல் அதிகாரபூர்வமானது. என் கருத்தைச் சொன்னால், இது ஓரளவுக்குத்தான் உதவும் எண். மூன்று ரன் முன்னிலையில் வந்து இரண்டு ரன் கொடுத்தாலும் சேவ் உண்டு. எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது வந்து ஒரு ரன்கூட விடாமல் காப்பாற்றிவிட்டு, ஒன்பதாவதை அடுத்தவரிடம் கொடுத்தவருக்கு அந்தச் சேவ் கிடையாது. சோரியாவின் கதையைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

அவரோட ஈ.ஆர்.ஏ. 3.11னு பார்த்தேன். அது நல்லதா?

ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. பீல்டர்களின் பிழையால் வந்த ரன்களை இதில் சேர்ப்பதில்லை. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சோரியா ஆடிய காலத்தில் மேஜர் லீக் சராசரி நாலை ஒட்டித்தான் இருந்தது. 14 சீசன்களுக்கு 3.11 என்பது மிக நல்ல கணக்கு. அதற்குள் 2008இல் 1.60, 2010இல் 1.78 என்று அபாரமான ஆண்டுகளும் இருக்கின்றன, நாலைத் தாண்டிய ஆண்டுகளும் இருக்கின்றன.

அவர் பேர் வாங்கின கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிதான் அவரைக் கண்டுபிடிச்சாங்களா?

இல்லை. முதலில் ஒப்பந்தம் போட்டது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், 2001இல். அப்போது அவருக்கு 17 வயது. 2003இல் முழங்கையில் பெரிய அறுவை சிகிச்சை. 2004இல் டாட்ஜர்ஸ் அவரை விட்டுவிட்டது. ஊர் திரும்பியவர் மெக்சிகோ சிட்டியின் புகழ்பெற்ற டியாப்லோஸ் ரோஹோஸ் அணியில் ஆடினார்.

மெக்சிகன் லீக்கில் ஓர் அணியோடு சேர்ந்துவிட்டால் வீரரின் உரிமை அந்த அணியிடம் இருக்கும். அமெரிக்க அணி அவரை வேண்டுமென்றால் இந்த அணிக்குப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சான் டியேகோ பாட்ரேஸ் அப்படித்தான் சோரியாவை வாங்கியது. ஆனால் 2006இல் அவர்களுடைய கீழ்நிலை அணியான ஃபோர்ட் வேனில் ஒரு சில ஆட்டங்களே ஆடினார். பெரிய நம்பிக்கை வைத்து வளர்க்கப்பட்ட வீரர் என்று அப்போது யாரும் அவரைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரூல் 5 டிராஃப்ட்னு சொல்றாங்களே, அது என்ன?

நல்ல வீரர்களைக் கீழ்நிலை அணிகளில் வருடக்கணக்காகப் பூட்டி வைக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி. ஒவ்வோர் அணியும் 40 பேர் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்திருக்கும். அமைப்புக்குள் சில ஆண்டுகள் இருந்தும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படாத வீரரை, டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறோர் அணி எடுத்துக்கொள்ளலாம். 2006இல் அதற்குக் கட்டணம் 50,000 டாலர்.

இதில் ஒரு கொக்கி உண்டு. எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பாதிப் பணத்துக்குப் பழைய அணியிடமே திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். அனுபவமில்லாத ஒருவருக்கு வருடம் முழுக்க இடம் ஒதுக்குவது ஜெயிக்கத் துடிக்கும் அணிக்குக் கட்டுப்படியாகாது. கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அப்போது வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்த அணி. அவர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை.

2006 டிசம்பர் 7 அன்று இரண்டாவது ஆளாகச் சோரியாவை எடுத்தார்கள். அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போனவர் ஜோஷ் ஹாமில்டன், பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கியவர். ஒரே வருடத்தில் இப்படி இரண்டு பேர் கிடைப்பது அபூர்வம். இதில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போய்விடுவார்கள்.

எடுத்த ரெண்டு நாள்ல பெர்ஃபெக்ட் கேம் வீசினாராமே, கட்டுக்கதைதானே?

உண்மைதான். டிசம்பர் 9 அன்று மெக்சிகன் பசிபிக் லீக்கில் ஒப்ரெகோன் நகரின் யாக்கிஸ் அணிக்காக ஸ்டார்ட்டராக இறங்கினார். எதிரணியில் 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். ஒருவரும் முதல் பேஸைத் தொடவில்லை.

ராயல்ஸ் தேர்வாளர்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்து மயங்கித்தான் எடுத்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. தேதிகளைப் பார்த்தால் அது பொருந்தாது. எடுத்த பிறகுதான் அந்த ஆட்டம் நடந்தது. அவரை இழந்த பாட்ரேஸ் அலுவலகத்தில் மறுநாள் காலை என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ரொம்ப வேகமா வீசுவாரா?

குளோசர் என்றதும் மணிக்கு நூறு மைல் வேகத்தை எதிர்பார்க்கிறார்கள். சோரியா அந்த வகை இல்லை. அவருடைய ஃபாஸ்ட்பால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும். ஆனால் கையிலிருந்து பந்து எப்போது விடுபடுகிறது என்று மட்டையாளருக்குச் சட்டென்று பிடிபடாது. அதனால் உள்ளதைவிட வேகமாகத் தோன்றும்.

அடுத்த பந்து கர்வ்பால். ஃபாஸ்ட்பாலைவிட மணிக்கு இருபது மைல் குறைவாக, மெல்ல வளைந்து விழும். இரண்டையும் ஒரே தோரணையில் வீசுவார். இவற்றோடு ஸ்லைடர், சேஞ்சப் எல்லாம் உண்டு. ரிலீவர்களில் பலர் இரண்டு வகைப் பந்தோடு பிழைப்பை ஓட்டுபவர்கள். ஸ்டார்ட்டராகவும் வீசிப் பழகியவர் என்பதால் இவரிடம் சரக்கு கூடுதல். வேகத்தை மட்டும் நம்பியவர்கள் முப்பதைத் தாண்டியதும் தடுமாறுவார்கள். சோரியா 37 வயது வரை நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ராயல்ஸ் தோத்துக்கிட்டே இருந்த அணின்னு சொன்னீங்க. அப்போ எப்படி அவ்வளவு சேவ்?

நியாயமான கேள்வி. ஜெயித்தால்தானே சேவ்? 2010இல் ராயல்ஸ் மொத்தமே 67 ஆட்டங்களில்தான் வென்றது, 95 தோல்வி. அந்த 67இல் 43 ஆட்டங்களைச் சோரியா முடித்துவைத்தார். 2008இல் 75 வெற்றிகளில் 42. அந்த வருடம் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் 62 சேவ் என்ற சாதனையைப் படைத்தார். அவருக்கு அடுத்த இடம் சோரியாவுக்கு. இரண்டு ஆண்டுகளிலும், அந்த சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் இடம் கிடைத்தது.

பலவீனமான அணிகள் ஜெயிக்கும்போது பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பது குறைவு. 4-3, 5-3 என்று ஒட்டி ஒட்டித்தான் ஜெயிக்கும். அவையெல்லாம் மேலே சொன்ன சேவ் விதிக்குள் சரியாக வந்து உட்காரும். முதல் ஐந்து ஆண்டுகளில் 17, 42, 30, 43, 28 என்று ஆக மொத்தம் 160. அந்த ஐந்து ஆண்டுகளில் ராயல்ஸ் ஒரு தடவைகூட வெற்றிகள் அதிகமாக, தோல்விகள் குறைவாக சீசனை முடிக்கவில்லை.

அவ்வளவு நல்ல பிட்சரை ஏன் ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் வச்சாங்க? ஸ்டார்ட்டர் ஆக்கியிருக்கலாமே?

ராயல்ஸ் ரசிகர்கள் பல வருடம் சண்டை போட்ட விஷயம் இது. ஒரு ஸ்டார்ட்டர் சீசனுக்கு 180, 200 இன்னிங்ஸ் வீசுவார். குளோசர் 60, 65. தோற்கும் அணிக்கு அருமையான குளோசர் எதற்கு, அந்த மனிதரையே ஸ்டார்ட்டராக்கினால் மூன்று மடங்கு பயன் கிடைக்குமே என்பது ஒரு கட்சி. நான்கு வகைப் பந்து இருக்கிறது, பெர்ஃபெக்ட் கேம் வீசிய கை வேறு.

மறு கட்சி அவருடைய முழங்கையைக் காட்டியது. 19 வயதிலேயே ஒரு முறை கத்தி வைத்த கை அது. குறைந்த இன்னிங்ஸ்தான் பாதுகாப்பு என்றார்கள். பிறகு நடந்ததைப் பார்த்தால் குறைந்த இன்னிங்ஸும் அந்தக் கையைக் காப்பாற்றவில்லை. என்னைக் கேட்டால், 2008 வசந்தத்தில் ஒரு முறையாவது முயன்று பார்த்திருக்கலாம். அவர்களோ அந்த மே மாதம் அவரோடு 87.5 லட்சம் டாலருக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, குளோசராகவே வைத்துக்கொண்டார்கள்.

‘மெக்சிக்யூஷனர்’ங்கிற பட்டப்பெயரை அவரே வேணாம்னாராமே?

ஆமாம். மெக்சிகன் என்பதையும் மரண தண்டனையை நிறைவேற்றுபவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி ரசிகர்கள் வைத்த பெயர். கான்சாஸ் சிட்டியில் சட்டைகளிலெல்லாம் அச்சடித்துப் போட்டார்கள்.

2011இன் தொடக்கத்தில் அந்தப் பெயர் இனி வேண்டாம் என்று சோரியா கேட்டுக்கொண்டார். அப்போது வட மெக்சிகோ போதைக் கும்பல்களின் வன்முறையில் சிக்கியிருந்தது. கோவாவீலாவும் தப்பவில்லை. சொந்த மண்ணில் தினமும் கொலைச் செய்தி வரும்போது அந்தப் பட்டப்பெயர் விளையாட்டாகப் படாது. இன்றும் சிலர் பழக்கத்தில் எழுதுகிறார்கள். அவர் விருப்பத்தை மதித்து விட்டுவிடுவதே சரி.

டாமி ஜான் அறுவை சிகிச்சை ரெண்டு தடவை பண்ணிக்கிட்டாரா? அது என்ன சிகிச்சை?

முழங்கையின் உட்பக்கத்தில் இரண்டு எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார் ஒன்று உண்டு. பந்து வீசும்போது அதன் மேல்தான் பெரும் இழுவிசை விழுகிறது. அது அறுந்துவிட்டால் உடலின் வேறோர் இடத்திலிருந்து, பெரும்பாலும் மணிக்கட்டுப் பகுதியிலிருந்து, ஒரு நாணை எடுத்து அங்கே பொருத்துவார்கள். 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் இதை டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்தார். அதிலிருந்து அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மீண்டு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

சோரியாவுக்கு முதலாவது 2003இல். 2011 அவருக்குச் சுமாரான வருடம். ஈ.ஆர்.ஏ. 4.03க்குப் போனது, சில நாள் குளோசர் வேலையையே ஆரன் க்ரோவிடம் கொடுக்க வேண்டி வந்தது. 2012 மார்ச்சில் முழங்கை வலி, ஏப்ரலில் இரண்டாவது அறுவை சிகிச்சை. ஒரு முறை செய்துகொண்டவர்கள் திரும்பி வருவது இப்போது சகஜம். இரண்டாவது முறைக்குப் பிறகு பழைய நிலைக்கு வருவோர் குறைவு. அந்த வருட முடிவில் 80 லட்சம் டாலர் கொடுத்து அவரைத் தக்கவைக்கும் வாய்ப்பு ராயல்ஸிடம் இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஏன் இத்தனை அணி? யாரோடயும் ஒத்துப்போகலையா?

அப்படியெல்லாம் இல்லை. ரிலீவர் பிழைப்பே அப்படித்தான். ஜூலை மாதம் வந்தால் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளுக்குப் புல்பெனில் ஆள் தேவைப்படும். தேறாத அணிகளிடம் நல்ல ரிலீவர் இருந்தால் இளம் வீரர்களை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். சோரியா நான்கு முறை ஜூலையில் கைமாறினார்: 2014இல் டெக்சாஸிலிருந்து டிட்ராய்டுக்கு, 2015இல் டிட்ராய்டிலிருந்து பிட்ஸ்பர்குக்கு, 2018இல் சிகாகோ ஒயிட் சாக்ஸிலிருந்து மில்வாக்கிக்கு, 2021இல் அரிசோனாவிலிருந்து டொராண்டோவுக்கு. நடுவில் 2016, 2017 மறுபடி ராயல்ஸ். 2019, 2020 ஓக்லாண்ட்.

அவரை அடிக்கடி விற்றார்கள் என்று பார்ப்பதைவிட, ஜெயிக்க நினைத்த நான்கு அணிகள் அவரைக் கேட்டு வாங்கின என்று பார்ப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதில் ஒரு வேடிக்கை. 2014இல் சோரியாவுக்காக டிட்ராய்ட் கொடுத்த இருவரில் ஒருவர் கோரி க்னேபல். அந்த க்னேபலும் 2018இல் மில்வாக்கியில்தான் இருந்தார். யாருக்குப் பதிலாக யார் போனார்களோ, இருவரும் கடைசியில் ஒரே புல்பெனில் உட்கார்ந்திருந்தார்கள்.

2014ல டிட்ராய்ட் தோத்ததுக்கு அவர்தான் காரணமா?

பால்டிமோரோடு நடந்த பிளேஆஃப் தொடரை, அதாவது சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் சுற்றைத்தான் கேட்கிறீர்கள். முதல் ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் டிட்ராய்ட் புல்பென் சரிந்தது, அதில் சோரியாவுக்கும் பங்கு. அடுத்த நாள் இன்னும் மோசம். எட்டாவது இன்னிங்ஸில் 6-4 என்று முன்னிலை, மூன்று பேஸிலும் ஆள். டெல்மன் யங் அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். 7-6 என்று பால்டிமோர் வென்றது. தொடர் மூன்று ஆட்டங்களில் முடிந்துபோனது.

பந்தை வீசியவர் சோரியா, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மூன்று பேரில் இருவர் அவர் வரும் முன்பே பேஸில் ஏறியிருந்தார்கள். அந்தச் சரிவு டிட்ராய்ட் புல்பென் மொத்தத்துக்கும் சொந்தம். அந்த அணிக்கு வருடக்கணக்காக இருந்த நோய் அது. ஷெர்சர், வெர்லாண்டர், பிரைஸ் என்று மூன்று பெரிய ஸ்டார்ட்டர்களை வைத்துக்கொண்டு எட்டாவது இன்னிங்ஸைக் கடக்க முடியாமல் திண்டாடினார்கள்.

ராயல்ஸ் 2015ல மேஜர் லீக் இறுதியான உலகத் தொடரை ஜெயிச்சதே, ஜெயிச்ச அணிக்குத் தர்ற மோதிரம் அவருக்குக் கிடைச்சதா?

இல்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். ராயல்ஸ் மோசமாக இருந்த ஐந்து வருடமும் அங்கே இருந்தார். 2014இல் உலகத் தொடருக்குப் போனபோதும், 2015இல் வென்றபோதும் அவர் வேறு அணிகளில். அந்த எழுச்சியின் முதுகெலும்பே ஹாலந்து, ஹெரேரா, டேவிஸ் என்ற ரிலீவர்கள்தான். 2015 டிசம்பரில் மூன்று வருடத்துக்கு 2.5 கோடி டாலர் கொடுத்துச் சோரியாவைத் திரும்ப அழைத்தார்கள். திரும்பி வந்து அவர் அங்கே ஆடிய இரண்டு வருடமும் ராயல்ஸ் பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

மற்ற அணிகளிலும் இதே கதைதான். 2013இல் டெக்சாஸ் கூடுதலாக நடந்த ஒற்றை ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. 2015இல் பிட்ஸ்பர்க் 98 வெற்றி பெற்றும் ஒரே ஆட்டத்தில் வீடு திரும்பியது. 2018இல் மில்வாக்கி உலகத் தொடருக்கு ஒரு வெற்றி தூரத்தில், ஏழாவது ஆட்டத்தில், டாட்ஜர்ஸிடம் தோற்றது. அவரை முதலில் வேண்டாம் என்ற அதே டாட்ஜர்ஸ். 2021இல் டொராண்டோ ஒரே ஒரு வெற்றி குறைந்து வாய்ப்பை இழந்தது.

சேவ் கணக்கைப் பார்த்தா 2011க்கு அப்புறம் மங்கிட்ட மாதிரி இருக்கே?

229இல் 160 முதல் ஐந்து வருடத்தில் வந்தது, மீதி ஒன்பது சீசன்களில் 69தான். சரி, எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சேவ் கிடைப்பது மேனேஜர் எந்த இன்னிங்ஸைக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. டிட்ராய்ட் போனபோது அங்கே ஜோ நேதன் குளோசர். ராயல்ஸ் திரும்பியபோது வேட் டேவிஸ். மில்வாக்கியில் ஜெஃப்ரஸ், ஹேடர். இவர் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை வீசினார். வாய்ப்பு கிடைத்தபோது பழைய வேலையையும் செய்தார்: 2015இல் 24 சேவ், 2018இல் 34 வயதில் ஒயிட் சாக்ஸுக்கு 16.

எல்லா வருடமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். 2016இல் ஈ.ஆர்.ஏ. 4.05, கான்சாஸ் சிட்டி ரசிகர்கள் அவரைக் கண்டாலே முனகினார்கள். ஆனாலும் இரண்டு முறை முழங்கையை மாற்றிக் கட்டிய பிறகு 450க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் என்பது சாதாரணமில்லை. முதல் ஐந்து வருடத்தைவிட இந்தப் பின்பாதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். குளோசர் பதவி போனதும் மனசு விட்டு ஒதுங்கியவர்கள் உண்டு. இவர் கொடுத்த இன்னிங்ஸை வாங்கிக்கொண்டு வீசினார்.

இவரும் சொரியானோவும் ஒருத்தர்தானா?

இல்லை. ரஃபேல் சொரியானோ டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர், அவரும் குளோசர். குழப்பத்துக்குக் காரணம் 2010. அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கில் சொரியானோ 45 சேவ், சோரியா 43. பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். அல்ஃபோன்சோ சொரியானோ மூன்றாவது ஆள், அவர் மட்டையாளர்.

மெக்சிகோவின் மிகச் சிறந்த ரிலீவர் இவர்தான்னு சொல்லிடலாமா?

நான் சொல்லிவிடுவேன். மறுப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பழைய ஆட்கள் ஆவுரேலியோ லோபஸைச் சொல்வார்கள். ‘செனியோர் ஸ்மோக்’ என்று டிட்ராய்ட் கொண்டாடிய மனிதர், 1984 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் வெற்றி பெற்ற பிட்சர். அவரும் டியாப்லோஸ் ரோஹோஸில் ஆடியவர், அவரும் மேஜர் லீக்கில் கால் வைத்தது 1974இல் ராயல்ஸில்தான். பிற்பாடு தன் ஊரான தெக்காமச்சால்கோவின் மேயராக இருந்தார். 1992இல் கார் விபத்தில் இறந்துபோனார்.

உச்சத்தை மட்டும் பார்த்தால் ரொபெர்த்தோ ஒசூனா. மிகக் குறைந்த வயதில் 100 சேவ் எடுத்தவர், 2019இல் அமெரிக்கன் லீக்கிலேயே அதிகமாக 38. ஆனால் 2018இல் குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் 75 ஆட்டத் தடை, பிறகு காயம். மேஜர் லீக் கணக்கு 155இல் நின்றுவிட, ஜப்பானுக்குப் போனார். செர்ஜியோ ரோமோவையும் சேர்ப்பார்கள். 2012 உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தவர், மெக்சிகோ அணிக்காகவும் ஆடியவர், பிறந்தது கலிஃபோர்னியாவில். நீண்ட காலம், மொத்தப் பங்களிப்பு என்று வைத்தால் சோரியாவை மிஞ்ச ஆளில்லை.

ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்குமா?

பேஸ்பாலின் மிகப் பெரிய வீரர்களுக்கான கௌரவப் பட்டியல் அது. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் இருப்பதைக் கேட்டால், கிடைக்காது. ஓய்வு பெற்று ஐந்து சீசன்கள் கடக்க வேண்டும் என்பதால் 2027ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முன் அவர் பெயர் வரவே முடியாது. வந்தாலும் ரிலீவர்களுக்கு அந்தக் கதவு லேசில் திறப்பதில்லை. 652 சேவ் எடுத்த மரியானோ ரிவேராவுக்கு உடனே திறந்தது. 422 எடுத்த பில்லி வாக்னர் பத்தாவது, கடைசி வாய்ப்பு வரை காத்திருந்து 2025இல்தான் நுழைந்தார். 229ஐ வைத்துக்கொண்டு வாதாட முடியாது.

ராயல்ஸ் வரலாற்றில் அவர் இடம் உறுதியானது. அந்த அணிக்கு ஜெஃப் மான்ட்கமரி 304, டான் க்விசன்பரி 238, அடுத்து இரண்டு தடவையும் சேர்த்துச் சோரியா 162.

இப்போ மெக்சிகோவிலிருந்து யாரைப் பார்க்கலாம்?

சியாட்டில் மரினர்ஸின் ஆண்ட்ரேஸ் முன்யோஸ். சினலோவாவின் லோஸ் மோச்சிஸ் ஊர்க்காரர், 2024இல் ஆல்-ஸ்டார். சோரியாவுக்கு நேர் எதிர் வகை: மணிக்கு நூறு மைலைத் தொடும் ஃபாஸ்ட்பால், கூடவே ஒரு கொடூரமான ஸ்லைடர், இவைதான் முக்கிய ஆயுதங்கள். அவரையும் முதலில் மெக்சிகோவிலிருந்து வாங்கி வைத்திருந்தது பாட்ரேஸ்தான். 2020இல் சியாட்டிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கும் டாமி ஜான் ஒரு முறை ஆகிவிட்டது.